இங்கே அமுக்கினால் அங்கே திறக்கும்

பூட்டிய கார்க் கதவைச் சாவியில்லாமல் திறக்கத் தெரிந்தவனுக்கு வேலைக்குக் குறைவில்லை, நிம்மதிக்குத்தான் குறைவு.

ரிமோட்டை அமுக்கி அமுக்கிப் பெருவிரல் தேய்ந்தவர்களே, சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கண்ணாடி வழியே அதைப் பார்த்துக்கொண்டு மழையில் நின்றவர்களே, இது உங்களுக்காகத்தான். தொண்ணூறுகளின் நடுவிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஹட்டனில் ஒரு கராஜில் வாகன எலெக்ட்ரீஷியனாக இருந்தேன். முதலில் அலாரமும் சென்ட்ரல் லொக்கும். பிறகு ஜப்பானிலிருந்து வேறு மாதிரிக் கார்கள் வந்தன. சாவி சட்டைப் பையில் இருந்தால் போதும், கைப்பிடியைத் தொட்டதும் கதவு திறக்கும். கைப்பிடிக்குள்ளே விரலை உணர ஒரு சின்னத் தகடு இருக்கும். யாராவது தொட்டால், சாவி பக்கத்தில் இருக்கிறதா என்று கார் தேடிப் பார்க்கும். இருந்தால் திறக்கும். இதைக் கண்டுபிடித்தவர் எங்கள் மலைக்கு ஒருமுறை வந்து போயிருந்தால் மழையையும் மூடுபனியையும் கொஞ்சம் கணக்கில் எடுத்திருப்பார்.

அது யுத்த காலம் என்பதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நான் தேயிலைத் தோட்டத்துத் தமிழன். பையில் எப்போதும் ரிமோட், வயர், பெட்டரி. காலையில் றொசல்லவில் ரயில் ஏறி ஹட்டனுக்கு வருவேன், அந்தி ரயிலில் வீடு திரும்புவேன். வேலை எவ்வளவு இருந்தாலும், திரும்பிப் போவதுதான் அன்றைய பெரிய வேலை. என் மனைவி சரோஜா ரயில் சத்தம் கேட்டதும் தோட்டத்து வரிசை வீடுகள் இருக்கும் லயத்து வாசலுக்கு வந்து நிற்பாள். நான் வளைவில் தெரிந்த பிறகுதான் அடுப்பில் உலை வைப்பாள்.

பிஸ்கட் டின்

என்னிடம் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. செத்துப்போன கார்களின் ரிமோட்டுகள், நகமளவு பெட்டரிகள், சிவப்பும் கறுப்புமாக வயர்த் துண்டுகள் எல்லாம் அதற்குள்தான். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நாள், நுவரெலியாவில் ஒரு ஹோட்டல்காரரின் வேன் கதவு திறக்கவில்லை என்று போன் வந்தது. டின்னை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பாதி வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி வரிசையில் நிற்க வைத்தார்கள். என் முறை வந்தது. ஓர் இளம் ஆமிக்காரர் டின்னைத் திறந்தார், இரண்டடி பின்னால் போனார், இது என்ன என்று கேட்டார்.

மறைக்க என்னிடம் எதுவும் இல்லை. சிங்களமும் நன்றாக வரும். போதாததற்குத் தொழில் கற்ற பெருமை வேறு. ஒரு ரிமோட்டை எடுத்துக் காட்டி, இங்கே அமுக்கினால் தூரத்தில் இருப்பது வேலை செய்யும், வயரே தேவையில்லை என்று விளக்கினேன். எவ்வளவு தூரத்துக்கு என்று கேட்டார். ஐம்பது அடி, நல்ல பெட்டரி போட்டால் நூறு அடி என்றேன். இதை நீயே செய்வாயா என்று கேட்டார். செய்வேன் என்றேன். அதற்குப் பிறகுதான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். குண்டு வெடிக்க வைக்கிற வித்தையைத்தான் நான் விளக்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே விளங்கியது. பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது.

இரண்டு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். என்னை யாரும் அடிக்கவில்லை. பக்கத்து அறையில் அடிக்கும் சத்தம் கேட்டது, எனக்கு அதுவே போதுமாக இருந்தது. திரும்பத் திரும்ப ஒரே கேள்விதான் கேட்டார்கள்: உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? மூன்றாம் நாள் காலையில் கராஜ் முதலாளி சுனில், ஹோட்டல்காரரையும் கூட்டிக்கொண்டு வந்து, நான் கதவு திறக்கிறவன்தான் என்று கையெழுத்துப் போட்டு என்னை வெளியே எடுத்தார். சுனில் சிங்களவர். ஹட்டனில் பிறந்து வளர்ந்ததால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார். தன் வேனிலேயே என்னை றொசல்ல ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டார். இரண்டு நாளாக ஒவ்வொரு ரயிலுக்கும் வந்து பார்த்துக்கொண்டிருந்த சரோஜா அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என் கையைப் பிடித்துப் பத்து விரலையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். சுனில் கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"ஒனக்கு வெளக்கம் சொல்ற வியாதி இருக்கு மச்சான். இனிமே யூனிஃபோம் போட்டவன் என்ன கேட்டாலும் ஒனக்குத் தெரியாது. சூரியன் எந்தப் பக்கம் உதிக்குதுன்னு கேட்டாலும் தெரியாது."

கண் சிமிட்டும் கார்

சில வருடம் கழித்து லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து, அதை நிர்வகிக்கும் துரை ஆள் அனுப்பினார். தொட்டால் திறக்கும் கார் ஒன்று புதிதாக வாங்கியிருந்தார். அது காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை, பெட்டரி இறங்கிக் கிடக்கிறது. ராத்திரியில் யாரோ காருக்குள் உட்கார்ந்து ரேடியோ கேட்கிறார்கள் என்பது துரையின் முடிவு. பங்களாவில் சாவி இருக்கும் இடம் தெரிந்தவர் சமையல்கார வேலு அப்பு மட்டும்தான். இருபத்தெட்டு வருடம் அதே பங்களாவில் சமைத்தவர். துரை அவரை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மாதம் முடியும்போது பேசலாம் என்று சொல்லியிருந்தார். பங்களா வேலை போனால் அந்தக் குடும்பம் இருக்கும் அறையும் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பங்களாவைக் காவல் காக்கும் வாச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அப்பு மேல் தப்பில்லை, காரில் முனி இருக்கிறது என்று ரகசியமாகச் சொன்னார். மழை பெய்கிற நேரமெல்லாம் கார் தானாகவே டக் என்று சத்தம் போட்டு இரண்டு தரம் கண் சிமிட்டுமாம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம் சிமிட்டுமாம். அவர் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். நான் நாலு கைப்பிடியையும் தொட்டுப் பார்த்தேன், எல்லாம் சுத்தமாக வேலை செய்தது. பழுது இல்லை என்று சொல்லிவிட்டு வந்தால் அப்புவின் கதை முடிந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் பின்வாசலில் நின்றேன். அப்பு எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த நேரம் மழை பிடித்தது. கார் டக் என்று கண்ணைச் சிமிட்டியது. எனக்கும்தான் தூக்கிவாரிப் போட்டது. பிறகு பார்த்தால், முகப்புக் கூரையில் தண்ணீர் ஓடும் பீலி உடைந்து, தண்ணீர் நூல் பிடித்தது மாதிரி நேராகக் கைப்பிடி மேல் விழுகிறது. தண்ணீரைக் கார் விரல் என்று நினைத்துக்கொள்கிறது. சாவி எங்கே என்று துரையிடம் கேட்டேன். கார் ஒட்டி நிற்கும் சுவரின் மறுபக்கம், ஜன்னல் விளிம்பில், திரைக்குப் பின்னால் இருந்தது. கதவைத் திறப்பதும், யாரும் ஏறாததால் தானே பூட்டிக்கொள்வதுமாக ராத்திரி முழுக்கக் கார் வேலை செய்துகொண்டே இருந்தால் பெட்டரி எப்படித் தாங்கும்? சாவியைப் பின்னறைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு, அப்புவின் கேத்தலை வாங்கிக் கைப்பிடியில் தண்ணீர் ஊற்றினேன். சத்தமில்லை. சாவி திரும்ப ஜன்னலுக்கு வந்தது, ஊற்றினேன், டக். துரைக்கு முன்னால் நாலு தரம் செய்து காட்டினேன். துரை சிரித்தார், பீலியைத் திருத்த ஆள் அனுப்பச் சொன்னார், உள்ளே போய்விட்டார். அப்புவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பு கேத்தலைத் திரும்ப வாங்கிக்கொண்டு சொன்னார்:

"முனியா இருந்திருந்தா ஒரு கோழியோட போயிருக்கும் தம்பி. தொரை என்னயச் சந்தேகப்பட்டது எதோட போகும்?"

மந்திரி போன பாதை

ஒரு மந்திரி ஹட்டன் பஜார் வழியாகப் போன நாள். கடைகளை அரைக்கதவு சாத்தச் சொன்னார்கள், நாங்களும் சாத்தினோம். வண்டிகள் வரிசையாகப் போய் ஐந்து நிமிடம் ஆகவில்லை, கராஜ் வாசலில் ஆறேழு பேர் வந்து நிற்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே முறைப்பாடு. ரிமோட் வேலை செய்யவில்லை, கார் திறக்கவில்லை. எல்லாம் நான் காரில் பொருத்திப் பூட்டிக் கொடுத்த அலாரங்கள். பலசரக்குக் கடைக்காரர் ஒருவர், தான் மட்டும் ஏமாறவில்லை, ஊரே ஏமாந்திருக்கிறது என்று மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

காரணம் எனக்கு உடனே விளங்கிவிட்டது. மந்திரியின் வண்டிகளில் ஒன்றில் காற்றலையை மறிக்கிற கருவி இருந்திருக்க வேண்டும். யாரும் ரிமோட்டால் எதையும் வெடிக்க வைக்காமல் இருக்க, சுற்றியிருக்கும் ரிமோட் எல்லாவற்றையும் அது ஊமையாக்கிவிடும். எதிர்க்கடையில், உளவுக்காரர்கள் போலிருந்த, ஊருக்குப் புதிதான இரண்டு பேர் வெறும் தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே நேரத்தில் எல்லாருக்கும் எப்படிப் பழுதாகும், தொழில்காரனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று கடைக்காரர் ஊர் கேட்கக் கேட்டார். தெரியாதுங்க, பெட்டரியாக இருக்கும் என்று சொல்லி, டின்னைத் திறந்து எல்லாருக்கும் புதுப் பெட்டரி போட்டுக் கொடுத்தேன். அதற்குள் மந்திரி கொட்டகலை தாண்டியிருப்பார், எல்லாக் காரும் திறந்தன. கைராசிக்காரன் என்று புகழ்ந்துவிட்டுப் போனார்கள். சுனில் அரைக்கதவைத் தூக்கிவிட்டுக்கொண்டே சொன்னார்:

"நம்ம ஊர்ல உண்மையவிட பெட்டரி பாதுகாப்பு மச்சான்."

மாஸ்டரின் இடது கதவு

யுத்தத்தின் கடைசி வருடங்களில் மகேந்திரன் மாஸ்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், லிந்துலையில் கணக்குப் படிப்பிக்கிறவர். வெளிநாட்டில் இருக்கும் தம்பி பணம் அனுப்பி, தொட்டால் திறக்கும் கார் ஒன்று வாங்கியிருந்தார். கராஜுக்குள் வந்ததும் வெளிக்கதவைக் கொஞ்சம் சாத்தலாமா என்று கேட்டார். குரலை உயர்த்திப் பேசவே மாட்டார். வகுப்பில் எப்படிப் படிப்பிக்கிறாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

பழுது சின்னது. இடது கதவு சில நேரம் முதல் தொடுகைக்குத் திறக்காது. இரண்டாவது, மூன்றாவது தொடுகைக்குத்தான் திறக்கும். உங்களுக்கும் எனக்கும் அது பெரிய விஷயமில்லை. மாஸ்டருக்கு அப்படியில்லை. சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கிவிட்டு அந்தக் கதவைத் திறந்து காட்டச் சொல்வார்கள். அவர் கைப்பிடியைத் தொடுவார். திறக்காது. அடையாள அட்டையில் பிறந்த ஊர் யாழ்ப்பாணம் என்றிருக்கும். போன கிழமை ஓர் ஆமிக்காரர் துவக்கைத் தோளிலிருந்து கழற்றிவிட்டாராம். அதற்குப் பிறகு மாஸ்டரின் மனைவி காரில் ஏறும்போதே கந்த சஷ்டி கவசம் சொல்லத் தொடங்கிவிடுகிறார்.

சாவியைப் பையில் போட்டுக்கொண்டு காய்ந்த கையால், ஈரக் கையால், துணி சுற்றிய விரலால் தொட்டுப் பார்த்தேன். கைப்பிடிக்குள் வயர் பாதி அறுந்திருந்தது. கொழும்பிலிருந்து ஒரு பழைய கைப்பிடி வரவழைத்து மாட்டிப் பூட்டினேன். தண்ணீர் புகாமல் காக்கும் அதன் ரப்பர் வளையம் ஓரத்தில் கிழிந்திருந்தது. புது வளையம் வர ஒரு கிழமையாகும். மாஸ்டருக்கு மறுநாளே சோதனைச் சாவடி தாண்ட வேண்டும். பசை வைத்து ஒட்டிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பசை மலை மழையைத் தாங்காது என்பது எனக்குத் தெரியும், தெரிந்துதான் செய்தேன். ஏதாவது என்றால் கொண்டுவாருங்கள் என்று மட்டும் சொன்னேன். மாஸ்டர் கதவைப் பத்துத் தரம் திறந்து மூடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வீட்டில இருக்கேக்கை கதவு பூட்டுப்படோணும் எண்டு பயம். றோட்டில நிக்கேக்கை கதவு திறபடோணும் எண்டு பயம். இதுக்கு நடுவிலதான் தம்பி நான் கணக்குப் படிப்பிக்கிறன்."

நல்லதண்ணியில் மழை

சிவனொளிபாத மலைக்கு யாத்திரையாகச் சனம் வரும் மாதங்களில், சனி ஞாயிறுகளில் நானும் சுனிலும் அடிவாரத்தில் நல்லதண்ணியில் வாகனங்கள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு உட்காருவோம். மலை ஏறுகிறவர்கள் படிகளில் சாவியைத் தொலைத்துவிட்டு வருவார்கள், நாங்கள் கதவு திறந்து கொடுப்போம். ஒரு ஞாயிறு மத்தியானம் தூறல் தொடங்கியது. தூரத்தில் ஒரு கார் பீப் என்று கத்தியது. பத்து விநாடி கத்திவிட்டு நின்றது. பிறகு மறுபடியும் கத்தியது. பக்கத்தில் ஆளே இல்லை.

அந்தக் காலத்தில் அது போதும். யாரோ குண்டு என்றார்கள். கடைக்காரர்கள் பொரிகடலைத் தட்டுகளை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள். காவலுக்கு நின்ற ஆமிக்காரர்கள் எல்லோரையும் மண்மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளினார்கள். நானும் ஓடித்தான் போனேன். அங்கிருந்து எட்டிப் பார்த்தபோது, மகேந்திரன் மாஸ்டர் இரண்டு கையிலும் தேத்தண்ணிக் கோப்பையோடு தன் காரை நோக்கி வருவதைக் கண்டேன். அவரை மறித்தார்கள், அடையாள அட்டையைப் பார்த்தார்கள், சேற்றில் முழங்காலில் நிற்க வைத்தார்கள். கார் ஏன் கத்துகிறது என்று ஓர் அதிகாரி கேட்டார். மாஸ்டர் தெரியாது என்றார். சுனில் எனக்குச் சொல்லித்தந்த அதே பதில். அது அவரைக் காப்பாற்றவில்லை. ஜீப்பை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டார்கள். ஒரு கோப்பை கீழே விழுந்துவிட்டது. மற்றது அவர் கையிலேயே இருந்தது. அதைக் கீழே வைக்கலாமா என்று கேட்கக்கூட அவருக்குப் பயம்.

அந்தச் சத்தம் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். சாவியை உள்ளே வைத்திருக்கும்போது யாராவது வெளியே தொட்டுப் பூட்டப் பார்த்தால், சாவி உள்ளே இருக்கிறது, பூட்டமாட்டேன் என்று கார் கத்தும். இடது கைப்பிடியில் தூறல் விழும்போதெல்லாம் கத்துகிறது. என் பசை விட்டுவிட்டது. முழங்காலில் நிற்கவேண்டியவன் நான். சுனில் என் சட்டையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தெரியாதுன்னு நில்லு, ஒனக்குத் தெரியாது என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். சரோஜாவை நினைத்தேன், அந்தி ரயிலை நினைத்தேன். பக்கத்து அறையில் கேட்ட அந்தச் சத்தத்தையும் நினைத்தேன். ஜீப்பின் பின்கதவைத் திறந்தார்கள். நான் சுனிலின் பிடியிலிருந்து சட்டையை இழுத்துக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அது குண்டில்லை சேர், கைப்பிடிக்குள் தண்ணீர் போயிருக்கிறது என்றேன். அதிகாரி என்னைப் பார்த்தார். எத்தனையோ வருடத்துக்கு முன்னால் என்னை உள்ளே வைத்திருந்தவர்கள் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்: உனக்கு எப்படித் தெரியும்? விளக்கம் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு உண்மையைச் சொன்னேன். அந்தக் கைப்பிடியை மாட்டிப் பூட்டினவன் நான்தான் சேர், பிழையாகப் பூட்டிவிட்டேன், கிழிந்த ரப்பரை ஒட்டிக் கொடுத்துவிட்டேன் என்றேன். அப்படியானால் நீயே போய் நிறுத்து என்றார். அவர்கள் எல்லோரும் மூட்டைக்குப் பின்னால் குனிந்துகொண்டார்கள். அறுபது எழுபது அடிதான் இருக்கும். பாதி தூரத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை கைப்பிடி இல்லாமல் வேறு ஏதாவது என்றால்? எங்கள் தொழிலில் கழற்றிப் பார்க்கும்வரை எதுவும் நிச்சயமில்லை. கிட்டப் போய்க் கைக்குட்டையால் கைப்பிடியைத் துடைத்தேன். என் தலைக்குள்ளேயே கத்துவது மாதிரி ஒருமுறை கத்தியது. தோளில் மாட்டியிருந்த என் குடையை விரித்துக் கைப்பிடிக்கு மேலே பிடித்தேன். நான் நனைந்தேன், கார் வாயை மூடிக்கொண்டது.

குடையை எடு என்று அதிகாரி தூரத்திலிருந்து சொன்னார். எடுத்தேன், கத்தியது. பிடி என்றார். பிடித்தேன், நின்றது. மூன்று தரம் அப்படிச் செய்ய வைத்தார். பிறகு கதவைத் திறக்கச் சொன்னார். பூட்டாத கதவு, இழுத்ததும் வந்தது. பின் சீட்டில் மாஸ்டரின் மனைவியுடைய சால்வை மடித்துக் கிடந்தது. சாவி அதற்குள் இருந்தது. அதிகாரி வந்து சாவியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதிக்கொண்டார். மாஸ்டரை எழும்பச் சொன்னார். பிறகு என்னிடம் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்:

"வேலை தெரிஞ்சவன்னு வந்து நின்னிருந்தா ஒன்னையும் ஜீப்புல ஏத்தியிருப்பேன். பிழையா செஞ்சிட்டேன்னு இதுவரைக்கும் எவனும் எங்கிட்ட வந்து சொன்னதில்ல, அதனாலதான் நம்பினேன்."

மஸ்கெலியா வரை

மாஸ்டரால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லை. நான்தான் ஓட்டினேன். கழிப்பறைக்குப் போயிருந்த அவருடைய மனைவி திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சாவியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தார், கவசம்கூடச் சொல்லவில்லை. இடது கைப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டியிருந்தேன். வழியில் ஒரு சாவடியில் மறித்தார்கள். அந்தப் பை என்ன என்று கேட்டார்கள். மழைக்கு என்றேன். போகச் சொன்னார்கள். மூன்று பேரும் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

மஸ்கெலியா நெருங்கும்போது வாயைத் திறந்தேன். மன்னிச்சிக்கங்க மாஸ்டர், என்னாலதான் இவ்வளவும் என்று சொன்னேன். அவர் சேறு காய்ந்த காற்சட்டை முழங்காலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன், கோபப்பட்டிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். சுரண்டுவதை நிறுத்தாமலே, அதே சின்னக் குரலில் சொன்னார்:

"முந்தியும் மழைக்குக் கத்தினது. அப்பவே கைப்பிடி பழுதெண்டு எனக்குத் தெரியும் தம்பி. உம்மை ஒருக்காப் பிடிச்சவங்கள் எண்டு கேள்விப்பட்டனான். அடிக்கடி உம்மட்டை வந்தா என்னிலையும் கண் வைப்பாங்கள் எண்ட பயத்திலதான் திருப்பிக் கொண்டு வரேல்லை. இண்டைக்கு முழங்காலில நிக்கேக்கையும் உம்மட பேரைச் சொல்லேல்லை. அது உம்மைக் காப்பாத்தவோ என்னைக் காப்பாத்தவோ எண்டு கேட்டால், எனக்குத் தெரியாது."

ஆகவே நண்பர்களே, உங்கள் கார்க் கதவு பழுதானால் இப்போதும் தாராளமாக என்னிடம் கொண்டுவாருங்கள், ஆனால் நான் வேலை தெரிந்தவன் என்று மட்டும் வெளியில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், எனக்கு அந்தி ரயிலைப் பிடிக்க வேண்டும்.